துரை கால் கொடுக்கிறார்

பிப்ரவரி 18

டீச்சரம்மாவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். இடுப்பு உடைந்தது எனக்குத்தானே.

போனை எடுக்க மாட்டேன் என்று உன் அண்ணியிடம் சொல்லி அனுப்பினாயாம். "ரெண்டாவது வார்த்தையிலயே கத்த ஆரம்பிச்சிடுவாரு, லெட்டர்னா கத்த முடியாது" என்றாயாம். முடியும். இதைக் கத்திக்கொண்டேதான் எழுதுகிறேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். குதிரைக்குட்டி பிறந்து மூன்று வாரம் ஆகிறது. அதன் வலது முன்குளம்பு உள்பக்கம் திரும்பியிருப்பதை, நான் இங்கே வந்து படுப்பதற்கு முன்பே கால்நடை டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். குட்டிக்கு இரண்டரை மாதம் ஆனதும் லாடக்காரரை வைத்துக் குளம்பின் ஓரத்தைச் சீவத் தொடங்க வேண்டும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. நாலு மாதம் தாண்டினால் எலும்பு இறுகிவிடும், அது ஆயுசுக்கும் நொண்டிதான். அதற்குள் குட்டியைப் பழக்கியாக வேண்டும். பழக்க உன்னைத் தவிர ஆள் இல்லை என்பதுதான் எனக்கு இடுப்பைவிட வலிக்கிறது.

சொல்கிறபடி செய். தாயிடமிருந்து பிரித்துத் தூணில் கட்டு. திமிறும், திமிறட்டும். அரை நாளில் அடங்கிவிடும். பிறகு காலைப் பிடித்துத் தூக்கு. உதைத்தால் கயிற்றால் ஒன்று போடு. முக்கியமாக, எப்போதும் இடப்பக்கம் நில். அப்பா காலத்திலிருந்து நம் லாயத்தில் யாரும் குதிரையின் வலப்பக்கம் நின்றதில்லை. பதினைந்து வருடம் வாண்டுகளுக்கு வாய்ப்பாடு ஒப்பித்த பழக்கத்தில் குட்டிக்கும் ஒப்பித்துக் கொண்டிருக்காதே.

அந்த நீல வாளியை உடைத்துப் போடு. நான் திரும்பி வரும்போது அது என் கண்ணில் படக் கூடாது. பெரியவன் ஒன்பது வருடமாக என்னைச் சுமக்கிற குதிரை. ஒரு நாளும் தள்ளியதில்லை. அவன்மேல் தப்பு இல்லை. நான் ஏறுகிற நேரம் பார்த்து வாளியை ஆட்டிக்கொண்டு வந்தவள் மேல்தான் தப்பு.

அண்ணன்


பிப்ரவரி 26

குதிரைச் சக்கரவர்த்தி அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைத் தாய்க்குதிரைக்குப் படித்துக் காட்டினேன். காதைப் பின்னால் மடித்துக்கொண்டது.

வாளியை முதலில் பேசிவிடுவோம். அன்றைக்குப் பெரியவனுக்குத் தண்ணீர் வைக்க மறந்தது நீ. எடுத்துக்கொண்டு வந்தது நான். வருஷக்கணக்காக நடக்கிற முற்றத்தில், நடக்கிற மாதிரிதான் நடந்தேன். ஆட்டவில்லை. ஆட்டினால் நனைவது என் கால். நீ ஒரு காலை அங்கவடியில் வைத்து எழும்பினாய், பெரியவன் உன் பக்கமாகப் பாய்ந்தான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வாளியை உடைக்க மாட்டேன். இந்தப் பண்ணையில் ஒழுகாத வாளி அது ஒன்றுதான்.

குட்டிக்குத் துரை என்று பேர் வைத்திருக்கிறேன். அந்த நடை, அந்த மூக்கு, ஒருத்தரையும் மதிக்காத பார்வை. உன்னைப் போலவே என்று எழுத வந்தேன், குட்டி என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டேன்.

தூணிலும் கட்டவில்லை, தாயிடமிருந்து பிரிக்கவும் இல்லை. லாயத்தில் முக்காலி போட்டு, துரைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். நான்காம் நாள் வந்து என் தலைமுடியை முகர்ந்தார். ஐந்தாம் நாள் பின்னலை மென்றார். நேற்று திரும்பி உட்கார்ந்து கழுத்தடியில் சொறிந்து விட்டேன். மேலுதட்டை நீட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றார். நீ அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால், குட்டிக்குத் திமிர் ஏறுகிறது என்று கயிற்றைத் தேடியிருப்பாய்.

நீ சொன்னதில் ஒன்றை மட்டும் கேட்கிறேன். இடப்பக்கம்தான் நிற்கிறேன். அப்பா லாயத்தை மதிலோடு ஒட்டிக் கட்டிவிட்டார். தொட்டியைப் பார்த்து நிற்கிற குதிரையின் வலப்பக்கம் சுவர்தான் இருக்கிறது.

தங்கை


மார்ச் 8

டீச்சரம்மாவுக்கு,

முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாயா! பேஷ். நம் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குதிரையை எதிர்கொண்டுதான் பழக்கியிருக்கிறோம். அதற்குப் புறமுதுகு காட்டிய முதல் ஆள் நீதான். சொறிந்து விடுகிறாளாம்! அடுத்து என்ன, தலைவாரிப் பொட்டு வைத்து ரிப்பன் கட்டி விடுவாயா?

உன்னைச் சொல்லி என்ன பயன், உலகமே அப்படித்தான் ஆகிவிட்டது. இங்கே நடக்கப் பழக்குகிறேன் என்று ஒரு சின்னப் பெண் வருகிறாள். என் கால் கட்டைவிரலை அசைக்கச் சொல்லுகிறாள். அசைத்தால், "வெரிகுட் சார், இன்னைக்கு இது போதும், நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறாள். நாற்பத்தெட்டு வயது ஆளுக்குக் கட்டைவிரலை அசைத்ததற்குப் பாராட்டு! "ஆள் வச்சுப் பிடிச்சு நிறுத்தும்மா, நடந்துடறேன்" என்றேன். "நிறுத்தலாம் சார், மறுபடி உடைஞ்சா யாரு கேள்வி கேட்பாங்க, நீங்களா?" என்றாள். உன் அண்ணி சிரிப்பை அடக்க ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

ஐந்து வாரம் போய்விட்டது. குட்டி காலைத் தூக்குகிறதா இல்லையா, அதை மட்டும் எழுது. உதட்டு வர்ணனை வேண்டாம்.

அண்ணன்


மார்ச் 25

அண்ணாவுக்கு,

அந்தப் பெண்ணுக்கு என் வணக்கத்தைச் சொல். குட்டியைப் பழக்குகிறவளுக்கு, கிழட்டுக் குதிரையைப் பழக்குகிறவள்மேல் தனி மரியாதை உண்டு.

துரை தலைக்கயிறு போட்டுக்கொள்கிறார். போடுவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. முதலில் கயிற்றைத் தரையில் போட்டு வைத்தேன், மிதித்துப் பார்த்தார். பிறகு என் தோளில், பிறகு அவர் முதுகில், கடைசியாகத்தான் மூக்கில். இழுப்பதே இல்லை. விரலால் ஒரு துளி அழுத்துகிறேன், அவர் ஒரு அடி வைத்தவுடன் விட்டுவிடுகிறேன். தாய்க்குதிரை முன்னால் போக, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் கிணறு வரைக்கும் போய்த் திரும்புகிறோம். நீ பழக்கிய எந்தக் குதிரையும் உன் சத்தம் கேட்டதும் மூலைக்குத்தான் போகும். இவர் என் சத்தம் கேட்டால் வாசலுக்கு வருகிறார். இதைப் பத்திரமாக இரண்டு தடவை படி.

கால் விஷயம். தோளிலிருந்து தடவிக்கொண்டே கீழே போய், குளம்புக்கு மேலே லேசாகக் கிள்ளுவேன். தூக்குவார். அவர் பிடுங்குவதற்குள் நானே கீழே வைத்துவிடுவேன். முதலில் ஒன்று எண்ணுகிற நேரம், இப்போது இருபது. இடது முன்கால், இடது பின்கால் இரண்டையும், பெரிய மனுஷர் தொப்பியைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரிக் கொடுக்கிறார். கோணல் காலை இன்னும் தொடவில்லை. பழகாமல் தொட்டு வலித்துவிட்டால் எல்லாம் பாழ். இரண்டு கால் கற்றவருக்கு மூன்றாவது எம்மாத்திரம்?

உனக்கு வயிறு எரிகிறது என்று தெரியும். ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறாய், மருந்து கேள்.

தங்கை


ஏப்ரல் 2

டீச்சரம்மாவுக்கு,

எம்மாத்திரம் என்று அன்றைக்குப் பார்ப்போம். லாடக்காரர் 11ஆம் தேதி வருகிறார், சொல்லிவிட்டேன். இருபது வருடமாக நம் வீட்டுக் குதிரைகளைப் பார்க்கிற மனிதர். அவர் முன்னால் என் மானத்தை வாங்காதே.

அண்ணன்


ஏப்ரல் 13

அண்ணாவுக்கு,

உனக்குப் பிடித்த செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மானம் போயிற்று. உன்னுடையது அல்ல, என்னுடையது.

லாடக்காரர் இடது முன்காலைக் கேட்டார், துரை கொடுத்தார். "அட, ஐயா நல்ல பழக்கமா இருக்காரே!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு கோணல் காலைப் பார்க்க முற்றத்தில் சுற்றிப் போய் வலது தோளில் கை வைத்தார். அவ்வளவுதான். துரை செங்குத்தாக எழும்பினார். அரம், கத்தி, பெட்டி எல்லாம் பறந்தது. லாடக்காரர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குட்டி தாயின் வயிற்றுக்கடியில் போய் நடுங்கிக்கொண்டு நின்றது. நான் போனேன், என்னிடமும் வரவில்லை. வைக்கோல் மேல் உட்கார்ந்து அழுதேன். இதை உன் சந்தோஷத்துக்காகவே எழுதுகிறேன், நன்றாக அனுபவி.

அனுபவித்து முடித்துவிட்டாயா? இப்போது மீதியைப் படி.

லாடக்காரர் கையைக் கழுவிக்கொண்டே, "ஏம்மா, இவனுக்கு வலது பக்கம்னு ஒண்ணு இருக்கறதை யாருமே சொல்லலையா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "குதிரைக்கு ரெண்டு பக்கமும் தனித்தனியாச் சொல்லித் தரணும்மா. இந்தக் கண்ணுல பார்த்துப் பழகினது அந்தக் கண்ணுக்குப் புதுசு. உங்க வீட்டுக் குதிரை எல்லாமே இப்படித்தான். பெரியவனுக்கு வலது கால்ல லாடம் அடிக்க நான் மூணு ஆள் கேட்பேனே, உங்க அண்ணன் கொழுப்புன்னு சொல்லுவார்" என்றார்.

மத்தியானம் பெரியவனை முற்றத்தில் கட்டினேன். நீல வாளியைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கமாகப் போனேன். வைக்கோலிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. சுற்றிக்கொண்டு வலப்பக்கமாகப் போனேன். கயிறு அறுந்துபோகிற அளவுக்குத் துள்ளினான். அரை மணி கழித்துக் குடையோடு போனேன், அதே கதை. கடைசியில் வெறுங்கையோடு போனேன், அண்ணா. வாளி இல்லை, குடை இல்லை. வெறுங்கைக்கும் துள்ளினான்.

நீ விழுந்த அன்றைக்கும் நான் வலப்பக்கமாகத்தான் வந்தேன். கிணறு அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

யோசித்துப் பார். நீ அவனைத் தேய்த்துவிடும்போதுகூட இடப்பக்கம் நின்று, முதுகுக்கு மேலே கையை நீட்டித்தான் அந்தப் பக்கத்தைத் தேய்ப்பாய். ஒன்பது வருடமாக நீ சவாரி செய்தது பாதிக் குதிரை. மீதிப் பாதிக்கு நாம் எல்லாரும் அந்நியர். நானும் சளைத்தவள் இல்லை. உன் பேச்சை ஆயுளில் ஒரே ஒரு தடவை கேட்டு, பாதிக் குட்டியைப் பழக்கி வைத்திருக்கிறேன். இதில் பெரிய வெட்கம் எது தெரியுமா? சுவர் வலப்பக்கம் இருந்தால் என்ன, குதிரையைத் திருப்பி நிறுத்தினால் சுவர் இடப்பக்கம் போய்விடும். தொட்டி அங்கே இருக்கிறது என்பதற்காக அப்பா முதல் நாம் வரைக்கும் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. குதிரைக்காரக் குடும்பமாம்!

லாடக்காரர் 26ஆம் தேதி மறுபடி வருகிறேன் என்றார். அதற்குள் மறுபாதியைப் பழக்க வேண்டும். அதையும் தவறவிட்டால் துரைக்கு நேரம் இல்லை.

தங்கை


ஏப்ரல் 18

டீச்சரம்மாவுக்கு,

ஒரு வாளியைக் கழுவ மூன்று பக்கம்! லாடக்காரர் சொன்னாராம், இவள் கேட்டாளாம், குடையைத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்தாளாம். நான் ஒன்பது வருடம் ஓட்டிய குதிரையை நீ ஒரு மத்தியானத்தில் படித்து முடித்துவிட்டாய். பட்டம் ஏதாவது கொடுத்தார்களா?

உன் கொஞ்சல் வித்தை பல்லை இளித்துவிட்டது. அதை மூடி மறைக்க அப்பாவையும், அப்பா கட்டிய லாயத்தையும், என்னையும் இழுக்கிறாய். போதும். சந்தையில் மாடு பிடிக்கிற நாலு பேருக்குச் சொல்லிவிட்டேன். 26ஆம் தேதி காலையில் வருவார்கள். தள்ளி, நாலு காலையும் கட்டி, மேலே உட்காருவார்கள். லாடக்காரர் பத்து நிமிஷத்தில் சீவிவிட்டுப் போவார். குட்டி பயப்படும். பயந்தால் பயப்படட்டும், நொண்டியாவதற்கு அது தேவலை. பண்ணையில் கடைசி வார்த்தை என்னுடையது. நீ ஓரமாக நின்று பார்.

உன் அண்ணி உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. அவளையும் கெடுத்துவிட்டாய்.

அண்ணன்


ஏப்ரல் 27

கடைசி வார்த்தைக்காரருக்கு,

நீ அனுப்பிய நாலு பேரும் வந்தார்கள். நல்ல மனிதர்கள். உன் சிநேகிதர்கள் என்று சொல்லவே முடியாது.

அதற்கு முந்தைய இரண்டு வாரத்தைச் சொல்கிறேன். தொட்டியைக் கழற்றி எதிர்ப்பக்கம் வைத்தேன். துரையைத் திருப்பி நிறுத்தினேன். முக்காலியைப் போட்டு முதல் நாளிலிருந்து தொடங்கினேன். இடப்பக்கம் நான் அவருக்குச் சொந்தக்காரி, வலப்பக்கம் வந்தால் கொள்ளைக்காரி. அதே கை, அதே புடவை, அதே குரல், ஆனாலும் நடுக்கம். நீ உடைக்கச் சொன்ன வாளியில்தான் தண்ணீர் வைத்தேன், வலப்பக்கமாகவே கொண்டுபோய் வைத்தேன். மூன்றாம் நாள் குடித்தார். ஏழாம் நாள் தோளைத் தொடவிட்டார். பத்தாம் நாள் அந்தக் கோணல் குளம்பு என் உள்ளங்கையில் இருந்தது, ஒன்று எண்ணுவதற்குள் வைத்துவிட்டேன். அவர் பிடுங்கவில்லை.

நேற்றுக் காலை உன் ஆட்கள் கயிற்றோடு வந்து நின்றார்கள். "பத்து நிமிஷம் குடுங்க. முடியலைன்னா நீங்க கட்டிக்கோங்க, நான் உள்ளே போயிடறேன்" என்றேன். கட்டிவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் அவர் யாருக்கும் கால் கொடுக்க மாட்டார். அது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

லாடக்காரர் வலப்பக்கம் போய்க் குந்தினார். கட்டுப் போட்ட மணிக்கட்டைத் துரை முகர்ந்து பார்த்தார். நான் தோளிலிருந்து தடவிக்கொண்டு போனேன். கொடுத்தார். நாலு எண்ணினோம், வைத்தோம். மறுபடி, பதினொன்று. அரம் இரண்டு இழுப்பு இழுத்தது. மறுபடி. மறுபடி. ஆறாவது தடவை பிடுங்கிக்கொண்டு பெட்டியை உதைத்தார். லாடக்காரரே எழுந்து, "போதும்மா, ஐயா களைச்சுட்டார். பாதி ஆயிடுச்சு, மீதி நாளைக்கு" என்றார். இன்று வந்து மீதியை முடித்துவிட்டுப் போனார்.

உன் ஆட்களில் தடியாக இருந்தவர், "அப்ப எங்களை எதுக்கும்மா கூப்பிட்டாங்க?" என்று கேட்டார். "எங்க அண்ணன்தான் அனுப்பினாரு. டீ குடிச்சிட்டுப் போங்க" என்றேன். குடித்தார்கள். போகும்போது அந்தத் தடியர் துரையின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார். வலப்பக்கம் நின்று.

தங்கை


மே 11

அண்ணாவுக்கு,

பதிலைக் காணோம். கத்தக் குரல் இல்லையா?

நேற்று இரண்டாவது சீவல். ஒரே மூச்சில் முடிந்தது. டாக்டர் வந்து பார்த்தார். குளம்பு திரும்புகிறது, இன்னும் ஒரு தடவை சீவினால் போதும், ஓடுகிற குதிரையாகிவிடும் என்றார். உனக்குச் சொல்ல வேண்டிய கடமைக்காகச் சொல்கிறேன்.

பெரியவனையும் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். பன்னிரண்டு வயதுக்காரன், குட்டியைப் போலச் சீக்கிரம் நம்ப மாட்டேன் என்கிறான். வலது காதுக்குப் பின்னால் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறது. கயிற்றுத் தழும்பு. எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை.

தங்கை


மே 19

தங்கைக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உன் அண்ணி குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, "இதுவும் கத்தல்தான், வேற எழுதுங்க" என்றாள்.

தழும்பு எப்போது வந்தது என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அப்போது அவனுக்கு நாலு வயது. வலது பின்காலில் லாடம் அடிக்க விடவில்லை. மூன்று ஆள் பிடித்தும் விடவில்லை. கொழுப்பு என்று நினைத்தேன். அடக்கிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமைகூட இருந்தது. அவனுக்கு அந்தப் பக்கம் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. தெரியாததற்கு அடித்திருக்கிறேன். உன்னையும் அதே கணக்கில்தான் மூன்று மாதமாகத் திட்டியிருக்கிறேன். இடுப்பைவிட இது வலிக்கிறது. உன்னிடம் இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதிவிடுகிறேன், நேரில் கேட்காதே.

முக்காலி விஷயத்தில் மட்டும் நான் இன்னும் தோற்கவில்லை. முதுகைக் காட்டி உட்காருவது பார்க்கச் சகிக்காத வேலை.

சனிக்கிழமை அனுப்புகிறார்கள். இங்கே அந்தச் சின்னப் பெண் என்னை வராந்தாவின் கடைசி வரைக்கும் நடக்க வைத்துவிட்டாள், ஒரு நாளைக்கு நாலு அடி, ஐந்து அடி என்று. நேற்று, "வெரிகுட் சார்" என்றாள். நான் திரும்பி இன்னும் இரண்டு அடி நடந்து காட்டினேன்.

வண்டி வாசலில் வந்து நிற்கும். இறங்க எனக்கு நேரம் ஆகும், யாரும் பிடிக்க ஓடி வர வேண்டாம். நீ மட்டும் முற்றத்தில் நில். நீல வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நில். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நில்.

அண்ணன்